வழக்குமன்றத்தில் பல்கலைக்கழகம்: மூன்று மறுமொழிகளின் வரலாறு

முன்னுரை

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் தோற்றத்தையும் துறைகளின் வளர்ச்சியையும் துணைவேந்தர்களின் பணியையும் விரித்துரைப்பர். அவற்றின்மேல் தொடுக்கப்பட்ட வழக்குகளை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆயினும் ஒரு நிறுவனம் தன்னைப்பற்றி என்ன எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதை அதன் பட்டமளிப்பு விழா உரைகளைவிட, வழக்குமன்றத்தில் அது அளித்த எதிருரை தெளிவாகக் காட்டும். விழாவில் விருப்பம்போல் பேசலாம். வழக்குமன்றத்திலோ எதிர்வழக்காளன் இருப்பான். வினவும் நீதிபதி இருப்பார். ஒவ்வொரு சொல்லும் ஆவணமாக நிற்கும்.

மாணவரோ ஆசிரியரோ தம்மீது வழக்குத் தொடுத்தபொழுது பொதுப் பல்கலைக்கழகங்கள் அளித்துவந்த மறுமொழிகள் யாவை, அவற்றுள் எவை வீழ்ந்தன, எது நிலைத்தது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் வழக்குகள் ஈண்டு முதன்மையாகக் கொள்ளப்பெறுகின்றன. ஒப்புநோக்குக்காக இலங்கை, மைசூர், குசராத்து, கேரளம், கல்கத்தா ஆகியவற்றின் வழக்குகளும், பழைய கேம்பிரிட்ஜ் வழக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளப்பெறும்.

பலவாகத் தோன்றும் எதிருரைகள் எல்லாம் மூன்றனுள் அடங்கும். 'எம்மை வினவும் உரிமை நுமக்கு இல்லை' என்பது முதலாவது. 'இது புலமைக்குரிய பொருள். நுமக்கு விளங்காது' என்பது இரண்டாவது. 'யாம் முறைப்படி கேட்டு, முறைப்படி முடிவு செய்தோம்' என்பது மூன்றாவது. இம்மூன்றும் வேறு வேறு தன்மையன என்பதும், மூன்றாவதே காலத்தால் வலுப்பெற்றது என்பதும் இனி விளக்கப்படும்.

1. கேம்பிரிட்ஜ் வழக்கு

பழஞ்சுவடிகளை ஒப்பிட்டுப் பாட ஆராய்ச்சி செய்வோர்க்கு ரிச்சர்டு பெண்ட்லி என்னும் பெயர் புதிதன்று. இலத்தீன், கிரேக்க நூல்களின் பாடங்களைச் செப்பஞ்செய்த அப்பேரறிஞர் கேம்பிரிட்ஜில் திரித்துவக் கல்லூரியின் தலைவராயிருந்தவர். பல்கலைக்கழக அதிகாரிகளோடு மாறுபட்டமையால் 1718இல் அவருடைய பட்டங்கள் பறிக்கப்பட்டன. பறிக்குமுன் அவரை அழைத்து வினவவில்லை. அவர் மன்னர் மன்றத்தில் முறையிட, 1723இல் பட்டங்களைத் திருப்பித் தருமாறு தீர்ப்பாயிற்று. ஆதாமை ஏதேனிலிருந்து வெளியேற்றுமுன் இறைவனே அவனை அழைத்து வினவினான் என்று அவ்வழக்கில் நீதிபதி ஒருவர் கூறியது சட்ட நூல்களிற் பன்முறை எடுத்தாளப்படுவது.

தமிழர்க்கு இக்கருத்து அயலதன்று. கோவலனை அழைத்து வினவாமல் கொலைத்தண்டம் விதித்ததே பாண்டியனுடைய குற்றமாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அவன் கொடியவன் என்று அந்நூல் கூறவில்லை. ஆராயாதவன் என்றே கூறுகிறது. கள்வன் அல்லாதவனைக் கள்வன் என்று கொண்டது பிழை. கேளாது கொண்டது பெரும்பிழை. பெண்ட்லி வழக்கிலும் அவர் குற்றம் செய்தாரா என்பது பின்வைக்கப்பட்டு, கேட்கப்பட்டாரா என்பதே முன்வைக்கப்பட்டது. பிற்கால வழக்குகள் அனைத்திற்கும் இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

2. முதல் மறுமொழி: 'யாம் அரசு அல்லேம்'

1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் புதியதோர் வினாவை எதிர்கொண்டன. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் 'அரசு' என்பதற்கு எதிராகவே வழங்கப்பட்டுள்ளன. 'அரசு' என்னும் சொல்லில் நடுவண் அரசும் மாநில அரசும் உள்ளூர் ஆட்சிகளும் 'பிற அதிகார அமைப்புகளும்' அடங்கும் என்று அச்சட்டத்தின் 12ஆம் உறுப்புக் கூறுகிறது. பல்கலைக்கழகம் அப்'பிற அமைப்பு'களுள் ஒன்றா என்பதே வினா.

இவ்வினாவைச் சென்னை உயர்நீதி மன்றம் எதிர்கொண்ட வழக்கே சட்டத் தொகுதிகளில் 'சென்னைப் பல்கலைக்கழகம் எதிர் சாந்தாபாய்' என வழங்குவது. 1954ஆம் ஆண்டுத் தொகுதியில் அது வெளியாயிற்று. அக்காலத்தில் தென்கன்னட மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சார்ந்திருந்தது. உடுப்பிக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி. அங்கே சேர விரும்பிய மாணவி ஒருவர்க்கு இடம் மறுக்கப்பட்டது. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் இசைவின்றிக் கல்லூரிகள் பெண்களைச் சேர்த்தல் கூடாது என்னும் நிபந்தனையே காரணமாகக் காட்டப்பட்டது. மாணவி நீதிப் பேராணை வேண்டினார். பால் வேறுபாடு காட்டலாகாது என்னும் 15ஆம் உறுப்பைச் சுட்டித் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது.

தலைமை நீதிபதி இராசமன்னார் அமர்ந்த இருவர் ஆயம் பல்கலைக்கழகத்தின் வாதத்தை ஏற்றது. ஆயத்தின் கருத்து வருமாறு: பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்ததேனும் அரசாங்கத் தொழில் எதனையும் செய்வதன்று; கல்வியை வளர்ப்பதே அதன் நோக்கம்; அரசின் உதவிப் பணத்தைப் பெறினும் கட்டணம், அறக்கட்டளை முதலியவற்றால் தன் வருவாயைத் தானே தேடிக்கொள்வது. ஆதலின் அது அரசால் உதவப்பெறும் நிறுவனமே ஒழிய அரசால் நடத்தப்பெறும் நிறுவனம் அன்று. மேலும் பெண்களுக்கு வேண்டிய வசதிகள் கல்லூரியில் உளவா எனப் பார்த்தல் தடையன்று, ஒழுங்கேயாம் என்றும் ஆயம் கொண்டது.

இத்தீர்ப்பின் உட்பொருளை நுணுகி நோக்குதல் வேண்டும். மாணவியின் வினா 'நான் பெண் என்பதால் எனக்கு இடம் இல்லையா?' என்பது. பல்கலைக்கழகத்தின் முதல் விடையோ, 'இவ்வினாவை எம்மிடம் கேட்க இயலாது' என்பது. விடை சட்ட நெறிக்கு உட்பட்டதுதான்; எந்த வழக்கறிஞரும் தம் கட்சிக்காரர்க்கு அவ்வாறே அறிவுறுத்துவர். எனினும் பொதுப்பணத்தைப் பெற்று, பொதுச்சட்டத்தால் பிறந்து, ஒரு மாநிலம் முழுவதன் உயர்கல்விக்கும் வாயிலாக நின்ற நிறுவனம், பொதுக்கடமை என்னும் வினா வந்தவிடத்துத் தன்னைத் தனியார் போலக் காட்டிக்கொண்டது. வென்றது பல்கலைக்கழகமே. ஆனால் வென்ற வாதம் நீடிக்கவில்லை.

இராசத்தான் மின்வாரியம் பற்றிய வழக்கில் உச்சநீதி மன்றம் 1967 ஏப்பிரல் திங்களில் தீர்ப்புக் கூறியது. சட்டத்தால் படைக்கப்பட்டு அதிகாரம் வழங்கப்பெற்ற அமைப்பு எதுவாயினும் 'பிற அதிகார அமைப்பு' என்பதனுள் அடங்கும். அரசாங்கத் தொழிலைச் செய்வதாயிருத்தல் வேண்டும் என்னும் குறுக்கப்பொருள் கொள்ளத்தக்கதன்று என்று அது தெளிவுபடுத்தியது. சாந்தாபாய் வழக்கின் பொருள்கோள் முறையும் அத்தீர்ப்பிற் பிழையெனக் கொள்ளப்பட்டது. பாட்னா உயர்நீதி மன்றத்தின் முழு ஆயம் பல்கலைக்கழகமும் 'அரசு' என்பதனுள் அடங்கும் எனக் கூறிய தீர்ப்பு 1968ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியாயிற்று. இவற்றோடு முதல் மறுமொழி தன் பழைய வடிவில் முடிந்தது. ஆயினும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் கல்வி வயதைக் கடந்துவிட்ட மாணவர் எவர்க்கும் அத்தீர்ப்பால் பயன் இல்லை. சட்டம் திருந்தும், கல்வியாண்டு திரும்பாது.

3. இரண்டாம் மறுமொழி: 'இது புலமைக்குரிய பொருள்'

இரண்டாம் மறுமொழி முதலாவதினும் மதிப்புடையது. எவ்விடையை எத்துணை மதிப்பெண்ணுக்கு உரியதென்பதும், எவர் ஆய்வு தரமுடையதென்பதும் அத்துறையில் பயின்றோர் கூறத்தக்கன. நீதிபதி எத்துணைக் கல்வியுடையராயினும் யாப்பிலக்கணத் தேர்வு விடைத்தாளைத் திருத்தப் புகுவாராயின் கல்விக்கு நன்மை விளையாது.

மைசூர்ப் பல்கலைக்கழகம் ஆங்கிலத் துறையில் செய்த நியமனம் பற்றிய வழக்கில் 1963 ஆகத்தில் உச்சநீதி மன்றம் இக்கருத்தை வகுத்துரைத்தது. நியமனத்தை நீக்கிய உயர்நீதி மன்றத் தீர்ப்பு மாற்றப்பட்டது. வல்லுநர் குழு தகுதியை ஆராய்ந்து பரிந்துரைத்த இடத்து, குழுவின்மேல் உட்பகை கற்பிக்கப்படாதபொழுது, கல்விப் பொருளை வல்லுநரிடமே விட்டுவிடுதல் நன்று என்று நீதிபதி கசேந்திரகட்கர் கருதினார். பின்வந்த பல்கலைக்கழக எதிருரைகள் இத்தீர்ப்பைப் பெரிதும் பற்றுக்கோடாகக் கொண்டன.

ஆனால் இம்மறுமொழிக்கும் எல்லை உண்டு என்பதை முந்திய ஆண்டிலேயே குசராத்துப் பல்கலைக்கழக வழக்குக் காட்டியிருந்தது. பயிற்றுமொழி பற்றிய அவ்வழக்குத் தமிழ்த்துறையினர் கருதத்தக்கது. குசராத்தியையோ இந்தியையோ தவிர வேறு மொழியிற் பயிற்றலாகாது எனப் பல்கலைக்கழகம் விதித்தது. அகமதாபாத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கில வழி பயில விரும்பிய மாணவர் சார்பில் வழக்கெழுந்தது. பயிற்றுமொழி எது என்பது கல்விப் பொருளே. எனினும் 1962இல் உச்சநீதி மன்றம் நோக்கியது எம்மொழி சிறந்தது என்பதை அன்று. ஒரு மொழியை மட்டுமே கட்டாயமாக்கும் அதிகாரம் அப்பல்கலைக்கழகச் சட்டத்தில் இருக்கிறதா என்பதையே. இல்லை எனக் கண்டு விதியைத் தள்ளிற்று. புலமை தரும் மதிப்பு வேறு, சட்டம் தரும் அதிகாரம் வேறு என்பது இதனாற் போதரும். நல்ல நோக்கத்தோடு மொழிக்கொள்கை வகுக்கும் எவரும் முதலில் தம் சட்டத்தைப் படித்தல் வேண்டும் என்பதும் இதன் பாடம்.

விடைத்தாள் பற்றிய வரலாறும் இங்கே கருதத்தக்கது. தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளைக் காண உரிமையில்லை என்னும் விதியை 1984இல் மகாராட்டிரத் தேர்வு வாரிய வழக்கில் உச்சநீதி மன்றம் செல்லத்தக்கது என்றது. அதன்பின் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் விடைத்தாளைக் காண வேண்டினார்; பல்கலைக்கழகம் மறுத்து வழக்காடியது. கல்கத்தா உயர்நீதி மன்றம் 2009இல் மாணவர் பக்கம் நின்றது. 2011 ஆகத்தில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் உச்சநீதி மன்றமும் விடைத்தாளைக் காணும் உரிமையை ஏற்றது. திருத்தியவர் பெயரை வெளிப்படுத்த வேண்டுவதில்லை என்றும் வரையறுத்தது. மதிப்பெண் இடும் உரிமை ஆசிரியரிடமே நிற்கிறது. இட்ட மதிப்பெண்ணை மறைக்கும் உரிமை மட்டுமே நீங்கியது. இதனால் இரண்டாம் மறுமொழி அழியவில்லை. தன் உரிய அளவுக்குச் சுருங்கியது.

4. மூன்றாம் மறுமொழி: 'முறைப்படி கேட்டோம்'

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் தேர்வு எழுதிய மாணவர் ஒருவர், செருமன் மொழித்தாளில் வந்த பகுதியை முன்னரே அறிந்திருந்தார் என்று சக மாணவி ஒருவர் கூறினார். விசாரணைக் குழு அமைந்தது. குற்றம் மெய்யெனக் கொள்ளப்பட்டது. மாணவர் வரையறையின்றித் தேர்வுகளினின்று விலக்கப்பட்டார். அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. இலங்கை உச்சநீதி மன்றம் மாணவர் பக்கம் தீர்த்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1960 பிப்பிரவரியில் மீண்டும் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்த்தது.

சான்று கூறிய மாணவியைக் குறுக்கு வினவும் வாய்ப்பு மாணவர்க்கு அளிக்கப்படவில்லை என்பதே வழக்கின் உயிர்நிலை. அவர் அவ்வாய்ப்பை வேண்டவில்லை. வேண்டியிருப்பின் மறுத்திருப்பர் என்பதற்குச் சான்றில்லை. குற்றச்சாட்டு அவர்க்கு அறிவிக்கப்பட்டது, விடை கூற இடம் தரப்பட்டது என்று பிரிவி கவுன்சில் கொண்டது. 1968இல் கேரளப் பல்கலைக்கழகத் தேர்வு முறைகேட்டு வழக்கிலும் இந்திய உச்சநீதி மன்றம் இதனையொத்த நெறியைப் பின்பற்றியது. விசாரணை அறிக்கையின் படியை மாணவர் கேட்கவில்லை. ஆதலின் தராமை பிழையாகாது என்றது.

இவ்விரு தீர்ப்புகளும் பல்கலைக்கழகங்களுக்கு வெற்றியே. எனினும் 'அவன் கேட்கவில்லை' என்னும் சொல் ஆசிரியர் நெஞ்சை உறுத்தற்பாலது. துணைவேந்தர் முன்னிலையில் அச்சத்தோடு நிற்கும் இருபது வயது மாணவன் தன் உரிமை யாது என்று எங்ஙனம் அறிவான்? கேட்கலாம் என்று சொல்வது கற்பிக்கும் நிறுவனத்தின் கடமையன்றோ? சட்டம் வேண்டும் அளவு ஒன்று. ஆசிரியர் அறம் வேண்டும் அளவு அதனினும் பெரிது.

கேளாதே தண்டித்தவிடத்து நீதிமன்றம் பொறுத்ததில்லை. உத்தரப்பிரதேசத்தில் இடைநிலைத் தேர்வு எழுதிய மூன்று மாணவரின் முடிவை அவர்களை வினவாமலே நீக்கிய வாரியத்தின் செயலை 1962இல் உச்சநீதி மன்றம் ஏற்கவில்லை. அதே மன்றம் 1970இல் பீகார் வாரிய வழக்கில், ஒரு மையம் முழுவதிலும் தேர்வு சீர்குலைந்திருப்பின் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டுவதில்லை என்றது. ஒருவன்மேல் குற்றம் சுமத்துதல் வேறு, ஒரு தேர்வையே செல்லாததாக்குதல் வேறு என்பது இவ்விரண்டையும் இயைத்து நோக்குவார்க்குப் புலனாகும்.

மூன்றாம் மறுமொழியின் சிறப்பு யாது? முதல் இரண்டும் வழக்கு வந்தபின் புனையத்தக்கவை. மூன்றாவதை வழக்கு வருமுன்னரே செய்திருத்தல் வேண்டும். அறிவிப்புக் கடிதம், மாணவன் தந்த விடை, குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, உறுப்பினர் கையொப்பம் ஆகியன கோப்பில் இருந்தால் மறுமொழி உண்டு; இல்லையேல் எவ்வழக்கறிஞரும் அதனை உண்டாக்கல் இயலாது.

பெரியபுராணத்துத் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை ஈண்டு நினைத்தல் தகும். முதியவர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் கிழித்தெறிந்தார். அவையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றினைக் கேட்டனர். கிழிந்தது படியோலை, மூலஓலை முதியவரிடம் இருந்தது. அதில் கண்ட கையெழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையின் கையெழுத்தோடு ஒப்பிட்டே அவை தீர்ப்புக் கூறியது. எதிர்நின்றவர் ஓலையைக் கிழித்த வேகம் அவர்க்கு உதவவில்லை. காப்பில் இருந்த ஓலையே வழக்கை முடித்தது. தன் ஆவணத்தைக் காக்கும் பல்கலைக்கழகமும் அவ்வாறே வலிமை பெறும்.

5. மதுரைப் பல்கலைக்கழக வழக்குகள்

1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. இராசபாளையம் இராசுக்கள் கல்லூரி உள்ளிட்ட விருதுநகர் மாவட்டக் கல்லூரிகள் அதனோடு இணைவு பெற்றவை. ஆதலின் அதன் தலைமை பற்றிய வழக்குகள் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்து மாணவர் வாழ்வைத் தொடுவன.

2012இல் துணைவேந்தராக நியமிக்கப்பட்ட கல்யாணி மதிவாணனின் நியமனம் செல்லாது என்று உயர்நீதி மன்றத்தின் மதுரைக் கிளை 2014 சூனில் தீர்த்தது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள் வேண்டும் பத்தாண்டுப் பேராசிரியர் பட்டறிவு அவர்க்கு இல்லை என்பதே காரணம். 2015 மார்ச்சில் உச்சநீதி மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மாநில அரசு ஏற்றுக்கொண்டாலன்றி அவ்விதிகள் மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயமாகப் பிணிக்கமாட்டா என்பது அதன் முடிவு.

இங்கே வென்ற வாதம் எதுவெனின், 'அவ்விதி எம்மைக் கட்டாது' என்பது. சாந்தாபாய் வழக்கின் முதல் மறுமொழி அறுபதாண்டு கழிந்து வேறு உடையில் திரும்பி வந்ததை ஆராய்வோர் உணர்வர். இம்முறையும் அதன் நிலைபேறு ஐயத்திற்குரியதாயிற்று. குசராத்து, கேரள மாநிலங்களின் துணைவேந்தர் நியமனங்களை 2022இல் நீக்கிய உச்சநீதி மன்றம், மானியக்குழு விதிகளுக்கு மாறான நியமனம் நில்லாது என்று வற்புறுத்தியது.

2017இல் மதுரையில் நியமிக்கப்பட்ட அடுத்த துணைவேந்தர் செல்லத்துரையின் நியமனத்தையும் உயர்நீதி மன்றம் 2018 சூனில் நீக்கியது. தேர்வுக் குழு தன் பணியை முறையாகச் செய்யவில்லை என்பது அதன் அடிப்படை. முன்னைய வழக்கில் விதி கட்டுமா என்பது வினா. பின்னைய வழக்கில் குழு உண்மையாகவே கலந்து ஆய்ந்ததா என்பது வினா. முன்னதில் சட்டப் பொருள்கோள் காத்தது; பின்னதிற் காக்க யாதும் இல்லை. முறை தவறியவிடத்து மூன்றாம் மறுமொழி கைகொடாது என்பதற்கு இதனினும் அணித்தான சான்று வேண்டுவதின்று.

6. வழக்குக்கு வாராதார்

இதுகாறும் கண்டவை வழக்குமன்றம் சென்றோர் வரலாறு. செல்லாதோர் தொகை மிகப் பெரிது. அவர்க்குத் தீர்ப்புத் தொகுதி இல்லை. விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஆயினும் பல்கலைக்கழகத்தின்மேல் நீதிப் பேராணை வேண்டுவோர் உயர்நீதி மன்றத்தையே அணுகுதல் வேண்டும். 2004 சூலை 24ஆம் நாள் மதுரைக் கிளை தோன்றும்வரை அது சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். நூற்பாலைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி ஒரு தாளின் மதிப்பெண்ணுக்காக அவ்வழி சென்றிருப்பாள் என்று எதிர்பார்த்தல் அரிது. மதுரைக் கிளை அத்தொலைவைக் குறைத்தது. செலவையும் காலத்தையும் அச்சத்தையும் முற்றக் குறைக்கவில்லை.

வழக்கு எழவில்லை என்பதால் குறை எழவில்லை என்று கொள்ளுதல் வரலாற்று முறையாகாது. ஆதலின் ஒரு பல்கலைக்கழகத்தை அதன்மேல் வந்த வழக்குகளின் தொகையாலோ அது வென்ற வழக்குகளின் தொகையாலோ அளத்தல் பொருந்தாது. வழக்காட இயலாத மாணவனின் விண்ணப்பத்தை அது எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதே தக்க அளவுகோல்.

முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் பெறப்படுவன இவை: 'எம்மை வினவலாகாது' என்னும் மறுமொழி சாந்தாபாய் வழக்கில் வென்று 1967இல் வீழ்ந்தது, பின்னர் வேறு வடிவில் 2015இல் வென்று 2022இல் தளர்ந்தது. 'இது புலமைக்குரியது' என்னும் மறுமொழி தன் உரிய எல்லைக்குள் இன்றும் மதிக்கப்படுகிறது. சட்டம் தராத அதிகாரத்தையும் மறைவையும் அது காக்கவில்லை. 'முறைப்படி கேட்டோம்' என்னும் மறுமொழி, உண்மையாயிருந்தவிடத்துக் கொழும்பிலும் கேரளத்திலும் நின்றது, உண்மையல்லாதவிடத்து வீழ்ந்தது.

முதல் மறுமொழியை வழக்கறிஞர் தருவர். இரண்டாவதைப் பேராசிரியர் தருவர். மூன்றாவதைத் தரவல்லவர் அலுவலகத்தில் அமர்ந்து விண்ணப்பத்துக்கு விடை எழுதும் எழுத்தரும், விசாரணையிற் பொறுமையோடு செவிசாய்க்கும் ஆசிரியருமே ஆவர். பல்கலைக்கழகம் வழக்குக்கு அளிக்கும் நல்ல விடை, வழக்குத் தோன்றுமுன் மாணவனுக்கு அளித்த விடையே என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.